மைனஸும் மைனஸும்: உடன்படிப்பவரின் வகுப்பனுபவம் ஒரு பயிற்சி ஆசிரியைக்குப் பயன்பட்ட விதம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டுப் படிப்பாக நடக்கிறது. பள்ளியில் தங்கிப் பெறும் பயிற்சி முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என்று மொத்தம் 20 வாரம் வைக்கப்பட்டுள்ளது. இங்கே பதிவு செய்வது பெரும்பாலும் அந்த 16 வாரத்தின் முதல் ஆறு வாரங்களில் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கை முதன்மைப் பாடமாக எடுத்த ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு விரிவுரையாளராக இருந்தேன். ஆறு பேரும் ஐந்து பள்ளிகளுக்குப் பிரிந்து சென்றனர். சனிக்கிழமைதோறும் கல்லூரியில் கூடி அந்த வாரத்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்கள், பள்ளிகள், கல்லூரி ஆகியவற்றின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

ஆய்வுக்குரிய பயிற்சி ஆசிரியை கணக்கில் முதுகலை முடித்தவர், தோவாளைப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குக் கிடைத்த பள்ளி மேற்குக் கடற்கரையில், மீன்பிடிக் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில் இருந்தது. நாகர்கோவிலில் பேருந்து மாறி அவர் பள்ளி சென்று சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். குமரி மாவட்டம் பரப்பில் சிறியதுதான் என்றாலும், தோவாளையின் பேச்சும் மேற்குக் கடற்கரையின் பேச்சும் ஒன்றல்ல. முதல் வாரம் பிள்ளைகள் வேகமாகப் பேசியதில் பாதிதான் தமக்குப் பிடிபட்டது என்று அவரே சொன்னார். அவருக்கு 31 பேர் கொண்ட ஏழாம் வகுப்பு ஒதுக்கப்பட்டது. பாடம், முதல் பருவத் தொடக்கத்தில் வரும் முழுக்கள்; அதாவது பூச்சியமும் மிகை (+), குறை (−) எண்களும் சேர்ந்த முழு எண்கள். வழிகாட்டி ஆசிரியை அதே பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தி வருபவர்.

முதல் இரண்டு வாரங்களில் கண்டவை

முதல் வாரம் உற்றுநோக்கலில் கழிந்தது. இரண்டாம் வாரம் அவர் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றை நான் நேரில் பார்த்தேன். பாடக்குறிப்பு ஒழுங்காக இருந்தது. கரும்பலகைச் சுருக்கமும் வண்ணச் சார்ட்டும் குறை சொல்ல இடமில்லாதவை. குறை எண்ணுக்கு எடுத்துக்காட்டாகக் காஷ்மீரின் குளிர்கால வெப்பநிலையைச் சொன்னார். "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதெல்லாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்றது. நானும் மதிப்பீட்டுத் தாளில் நல்ல மதிப்பெண்ணே போட்டுவிட்டு வந்தேன். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை மட்டும், வகுப்பு முடிந்ததும் அவரிடம், "பிள்ளேள் ஆமாங்குதது உனக்க மொகத்தப் பாத்துட்டாக்கும் மக்கா, கணக்கப் பாத்துட்டு இல்ல" என்று சொன்னாராம். இது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை ஐந்து கணக்குகள் கொண்ட சிறு தேர்வு வைக்கப்பட்டது. அவற்றில் இரண்டு மட்டும் இங்கே முக்கியமானவை: −3 − 5, −3 − (−5). முதலாவதன் விடை −8. இரண்டாவதன் விடை 2. இரண்டையும் சரியாகச் செய்தவர்கள் 7 பேர். அவர் 31 தாள்களையும் சிவப்பு மையால் திருத்தி, தவறுகளுக்குக் குறுக்குக் கோடு போட்டு, "மறுபடியும் செய்க" என்று எழுதிக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்ததை அப்போது அவர் கவனிக்கவில்லை. தாள்களைப் புரட்டிய எனக்கும் அது தென்படவில்லை.

முதல் சனிக்கிழமையும் இரவல் முறையும்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி, "இந்த வாரம் எது நன்றாக வந்தது?" என்பதுதான். புதிதாக வகுப்புக்குப் போகிறவர்களின் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த கேள்வி அது. அதற்கு ஏற்றபடியே பதில்களும் வந்தன.

பேச்சிப்பாறைக்குக் கீழே ரப்பர் தோட்டப் பகுதியில் உள்ள பள்ளிக்குச் சென்ற மாணவர் ஒருவர், வராந்தாத் தரையில் சாக்கட்டியால் எண்கோடு வரைந்து பிள்ளைகளை அதன்மேல் நடக்க வைத்ததைச் சொன்னார். கூட்டல் என்றால் வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும்; கழித்தல் என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும்; அடுத்து வருவது மிகை எண் என்றால் முன்னோக்கியும் குறை எண் என்றால் பின்னோக்கியும் நடக்க வேண்டும். −3 − (−5) என்ற கணக்கில் பிள்ளை −3இல் நின்று, இடப்பக்கம் திரும்பி, ஐந்தடி பின்னோக்கி நடந்தால் 2இல் போய் நிற்கும். கேட்பதற்கே அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டினர், நானும் பாராட்டினேன். நம் பயிற்சி ஆசிரியை அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவர் தம் வகுப்பை வராந்தாவுக்கு அழைத்துச் சென்றார். நாற்பது நிமிடத்தில் ஆறு பேர் மட்டுமே கோட்டில் நடந்தனர். மற்ற 25 பேரும் சுவரோரம் நின்று, நடந்தவர்களுக்கு உரக்க வழி சொல்லிக்கொண்டிருந்தனர். எந்தக் குறிக்குத் திரும்புவது, எந்தக் குறிக்குப் பின்னால் போவது என்ற குழப்பம் மூன்றாவது பிள்ளையிலேயே தொடங்கிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வெளியே வந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சாரல் அடித்ததில் கோடும் பாதி அழிந்தது. அன்றைய நாட்குறிப்பில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை."

காரணம் அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. மலைப்பகுதிப் பள்ளியின் அந்த வகுப்பில் மொத்தம் 12 பேர். அம்மாணவர் வராந்தாவுக்குப் போவதற்கு முன் இரண்டு பாடவேளை முழுக்க, குறிகளே இல்லாமல், "திரும்பு, முன்னால், பின்னால்" என்ற சொற்களை மட்டும் வைத்துப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர் யாருமில்லாததால் அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

தோற்றவரின் கதை

அதே சனிக்கிழமை, விளவங்கோடு வட்டத்தில் கேரள எல்லைக்கு அருகிலுள்ள பள்ளியில் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவர், தமக்கு இந்த வாரம் எதுவும் நன்றாக வரவில்லை, வராததைச் சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டார். சொல்லச் சொன்னேன். இந்தக் குழுவின் போக்கை மாற்றிய பத்து நிமிடம் அதுதான் என்பது என் கணிப்பு.

அவர் குறை எண்ணைக் கடனாகச் சொல்லி நடத்தியிருந்தார். இது பழைய வழி. 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் (செல்வம்) என்றும் குறை எண்ணை ருணம் (கடன்) என்றும் வைத்து விதிகளைச் சொல்லியிருக்கிறார். கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் என்றால் விளக்கம் தேவையில்லை. மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் ஐந்து ரூபாய்க்குப் பற்று வைத்தால் எட்டு ரூபாய் கடன் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியது. ஆனால் −3 − (−5) வந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "மூணு ரூவா கடன்தான டீச்சர் இருக்கு, அதுல இருந்து அஞ்சு ரூவா கடன எப்பிடி எடுக்க?" என்று கேட்டிருக்கிறாள். இவருக்குப் பதில் வரவில்லை. "விதி அப்படித்தான்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அந்தக் கேள்வியைச் சொல் மாறாமல் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். கூடவே அந்தச் சிறுமியின் கணக்கேட்டையும் கேட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தார்.

அந்த ஏடு மேசையைச் சுற்றி வந்தது. −3 − (−5) என்பதற்கு எதிரே எதுவும் எழுதாமல் மூன்று வட்டங்கள் போட்டு, அவற்றைத் தாண்டி இரண்டு வட்டங்களைப் புள்ளிக் கோட்டால் போட்டு நிறுத்தியிருந்தாள். இல்லாத இரண்டை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவள் தாளிலேயே யோசித்திருக்கிறாள். திருத்தியபோது அதுவும் தவறாகத்தான் எண்ணப்பட்டிருந்தது.

நம் பயிற்சி ஆசிரியை அந்த ஏட்டைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், தம் வகுப்பின் தேர்வுத் தாள்கள் தம்மிடமே இருப்பதாகவும், அவற்றை மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

தாள்களை மறுபடி பார்த்தபோது

ஞாயிற்றுக்கிழமை அவர் தாள்களை இம்முறை விடைவாரியாகப் பிரித்தார். இரண்டு கணக்குக்கும் ஒரே விடையாக 8 எழுதியிருந்தவர்கள் 14 பேர். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கவனக்குறைவாகத் தோன்றியது, அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒரு விதியாகத் தெரிந்தது. திங்கள் முதல் நாளுக்கு நால்வர் ஐவராகக் கூப்பிட்டு, "இத எப்படிச் செய்தன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதினார். திருத்தவில்லை, தலையாட்டவும் இல்லை. அந்த 14 பேரில் 11 பேர் சொன்னது ஒன்றுதான்: "மைனசும் மைனசும் பிளஸ் டீச்சர்." டியூஷனிலோ அண்ணன், அக்காவிடமோ கேட்டது. அது பெருக்கலுக்குரிய விதி. பிள்ளைகள் அதை மைனஸ் இரண்டு கண்ணில் பட்ட இடமெல்லாம் போட்டுக்கொண்டிருந்தனர்.

இன்னொன்றும் வெளிவந்தது. −3 − (−5) என்பதை வாசிக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் "மைனஸ் மூணு மைனஸ் மைனஸ் அஞ்சு" என்றுதான் வாசித்தது. அவரும் அப்படித்தான் வாசித்து வந்திருந்தார். எண்ணின் தன்மையைக் காட்டும் குறிக்கும், கழி என்று ஏவும் குறிக்கும் ஒரே பெயர் என்றால், பிள்ளை எதை வைத்துப் பிரித்தறியும்?

கல்லூரியில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரையான "வட்டார எடுத்துக்காட்டு" இங்கே கைகொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். காஷ்மீர்க் குளிருக்குப் பதிலாக அவர் கடலின் ஆழத்தை எடுத்தார். அங்கே ஆழத்தைப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) சொல்வது வழக்கம். கடல்மட்டம் பூச்சியம், மூன்று பாகம் கீழே −3, எட்டுப் பாகம் கீழே −8. இவற்றில் எது பெரியது என்று கேட்டார். "எட்டுப் பாகம்தான டீச்சர் கூடுதல்" என்றான் ஒரு பையன். அப்பாவுடன் வள்ளத்தில் போய் வருகிறவன். பாடத்தின்படி −3தான் பெரியது; அவன் கணக்கில் ஆழம் கூடினால் கூடுதல்தான். நமக்கு உள்ளூர்ப் பொருளாகத் தெரிவது பிள்ளைக்கு வேறொரு கணக்கில் பழகிய பொருளாக இருக்கக்கூடும் என்பதை எனக்கு அந்தப் பையன்தான் காட்டினான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்காம் வாரம் பள்ளி ஊர் ஆலயத் திருவிழாவுக்காக ஒருநாள் உள்ளூர் விடுமுறை வந்தது. எல்லைப் பகுதிப் பள்ளிக்கு அன்று வேலைநாள். இரு தலைமையாசிரியர்களிடமும் சொல்லிவிட்டு, நம் பயிற்சி ஆசிரியை தோழியின் வகுப்பில் பின்னிருக்கையில் போய் அமர்ந்தார். தோழி அன்று அந்தச் சிறுமியின் புள்ளிக் கோட்டு வட்டங்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். கடனுக்குப் புளியங்கொட்டை, கையிருப்புக்குச் சிப்பி. ஒரு கொட்டையும் ஒரு சிப்பியும் சேர்ந்தால் பூச்சியம். மூன்று கொட்டைகளிலிருந்து ஐந்தை எடுக்க முடியாது; ஆகவே பூச்சிய இணைகள் இரண்டைச் சேர்க்கலாம், மதிப்பு மாறாது. இப்போது ஐந்து கொட்டை, இரண்டு சிப்பி. ஐந்து கொட்டைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு சிப்பி. கேள்வி கேட்ட சிறுமி தன் கையால் அந்த இரண்டு சிப்பிகளை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்பம் கடன் எடுக்கதும் காசு குடுக்கதும் ஒண்ணுதானே" என்றாளாம்.

இதை அப்படியே தம் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது நம் பயிற்சி ஆசிரியை எடுத்த முதல் முடிவு. வராந்தாவில் பட்டது மட்டும் அதற்குக் காரணமன்று. தோழியின் வகுப்பில் தடை, "இல்லாததை எப்படி எடுப்பது" என்பது. தம் வகுப்பிலோ, இடம் மாறி உட்கார்ந்துவிட்ட ஒரு விதி. நோய் வேறு என்றால் மருந்தும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டது சரியென்றே பட்டது.

ஆகவே முதலில் வாசிப்பை மாற்றினார். நம் பாடநூலில் மிகை முழுக்கள், குறை முழுக்கள் என்ற நல்ல சொற்கள் இருந்தும், வகுப்பில் யாரும் அவற்றை வாயால் சொல்வதில்லை. −3 − (−5) என்பதைக் "குறை மூன்றிலிருந்து குறை ஐந்தைக் கழி" என்றும், −3 − 5 என்பதைக் "குறை மூன்றிலிருந்து ஐந்தைக் கழி" என்றும் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று வைத்தார். மைனஸ் என்ற சொல்லை ஒரு வாரத்துக்கு வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொன்னார். தவறிச் சொன்னவரைப் பிள்ளைகளே பிடித்துக்கொடுத்தனர். வாசிப்பு பிரிந்த பிறகே கொட்டையும் சிப்பியும் வந்தன. அவையும் இருவருக்கு ஒரு பொட்டலமாக எல்லோர் கையிலும் இருந்தன. ஒருவர் செய்ய முப்பது பேர் வேடிக்கை பார்க்கும் நிலையை அவர் மறுபடி விரும்பவில்லை.

பெருக்கலை ஒரு வாரம் தள்ளி வைக்க வழிகாட்டி ஆசிரியை இசைந்தார். அந்த ஒரு வாரம் கிட்டத்தட்ட மூன்று வாரமாயிற்று; இடைவெளியில் அவர் அளவைகளை நடத்திக்கொண்டு, தம் பாடவேளைகளில் வாரத்துக்கு இரண்டை இவருக்கு விட்டுக்கொடுத்தார். வேறொரு பள்ளியில் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

என் பங்குக்குச் சனிக்கிழமைக் கூட்டத்தின் முறையை மாற்றினேன். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் ஏட்டுப் பக்கமும், அந்தப் பிள்ளை சொன்ன சொற்களும் கொண்டுவர வேண்டும். கேட்பவர்கள் யோசனை சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்டாக வேண்டும்: எத்தனை பிள்ளைகள், அதற்கு முந்தைய வகுப்பில் என்ன நடந்தது, எந்தப் பிள்ளைக்கு இது வரவில்லை.

தொடர்ந்து நடந்தவை

ஆறாம் வாரம், அதே அமைப்பில் −4 − 6, −4 − (−6) என்ற இரண்டு கணக்குகள் முன்னறிவிப்பின்றித் தரப்பட்டன. இரண்டையும் சரியாகச் செய்தவர்கள் 22 பேர். இரண்டுக்கும் 10 என்று எழுதியவர்கள் 3 பேர். நால்வர் வெற்றிடமாக விட்டனர். இருவர் அன்று வரவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டபோது சரியாகச் செய்தவர்கள் 19ஆகக் குறைந்தனர். இதற்குள் பெருக்கல் நடந்து முடிந்திருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். பெருக்கலில் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை என்று வந்த அன்று, முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "இப்பமாவது மைனசும் மைனசும் பிளஸ்னு சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டானாம். சொல்லலாம், ஆனால் எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் பதிலளித்தார்.

வெற்றிடமாக விட்ட நால்வரில் இருவருக்கு ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே தடை இருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

குழுவுக்குள் ஒரு கசப்பும் உண்டாயிற்று. எண்கோட்டு முறையைச் சொன்ன மாணவர், தம் வகுப்பை எல்லோரும் கூறுபோட்டுப் பார்த்ததாக எண்ணி, இரண்டு வாரம் கூட்டத்தில் பெயருக்குச் சில சொற்கள் மட்டும் பேசினார். அவர் வருந்தியதில் நியாயம் இருந்தது: அவரைப் பாராட்டியபோது ஒரு கேள்வியும் கேட்காமல், இன்னொருவரின் வகுப்பு சரிந்த பிறகு கேள்விகளை அவர்மீது அடுக்கினோம். நானே அவரிடம் தனியாகப் பேசி என் தவறைச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவரே, பின்னோக்கி நடக்கவே மறுத்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு ஒரு காலில் ஊனம் என்பதை, வரிசையில் நிறுத்திய பிறகுதான் தாம் கவனித்ததாகவும் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

"எது நன்றாக வந்தது" என்ற கேள்வியை முதல் சனிக்கிழமையிலிருந்தே தவிர்ப்பேன். ஏட்டுப் பக்கமும் பிள்ளையின் சொல்லும் இல்லாத அனுபவப் பகிர்வு, சொல்பவரின் சொல்திறத்துக்கே சான்றாகிறது.

எங்கள் மதிப்பீட்டுத் தாளில் குரல், கரும்பலகைக் கையெழுத்து, துணைக்கருவி, வகுப்புக் கட்டுப்பாடு ஆகிய அனைத்துக்கும் கட்டம் இருந்தது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய பாடக்குறிப்பும் சொந்தமாக எழுதிய பாடக்குறிப்பும் அந்தத் தாளில் ஒரே மதிப்பெண்ணைப் பெற்றுவிடும் என்பது ஊரறிந்தது. இப்போது தாளின் பின்பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் விளக்கத்தைச் சொல் மாறாமல் எழுத இடம் விட்டிருக்கிறோம். இதற்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் வைத்தால் அதையும் சீனியரிடமிருந்து எழுதி வாங்குவார்கள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

உடன்படிப்பவரின் வகுப்பை நேரில் பார்ப்பது இம்முறை ஒரு திருவிழா விடுமுறையின் தயவால் நடந்தது. அடுத்த குழுவுக்கு, பயிற்சி தொடங்கும் முன்பே தலைமையாசிரியர்களின் இசைவைப் பெற்று, வருகைப் பதிவு கெடாதபடி ஆளுக்கொரு நாளை ஒதுக்கி வைக்க வேண்டும். போய்ப் பார்ப்பவர் மதிப்பெண் போடப் போகவில்லை என்பதை வகுப்பு நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய ஒப்புதலையும் கேட்க வேண்டும். அந்த ஒப்புதலை முதலில் மலைப்பகுதிப் பள்ளிக்குச் சென்ற மாணவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய இரண்டு பழக்கப் பாடவேளைகளை யாரும் நேரில் பார்க்கவில்லை.